எஸ்தருக்காக ஒளிந்திருந்தவன்

செய்தி வந்தபோது நான் பத்தாம் வகுப்புத் தேர்வறையில் நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசியைத் தலைமையாசிரியர் அறையில் வைத்துவிட்டுத்தான் தேர்வறைக்குள் போக வேண்டும். அதனால் எனக்கு வந்த ஏழு அழைப்புகளையும் நான் பார்க்கவில்லை. எட்டாவதைத் தலைமையாசிரியரே எடுத்திருக்கிறார். வாசலில் வந்து நின்று, "சார், கொஞ்சம் வெளிய வாங்க. இத நான் பாத்துக்கிறேன்" என்றார். அவர் தாமாக வந்து கண்காணிப்பை ஏற்றுக்கொள்கிறார் என்றதுமே கைப்பேசிக்காக அவர் அறைக்கு ஓடினேன். மறுமுனையில் தீயணைப்பு நிலைய அலுவலர் முத்துவேல். காணாமல் போனவர்களைத் தேட என் மனைவி எஸ்தரோடு எத்தனையோ முறை போனவர். எப்போதும் உரக்கப் பேசுகிறவர் அன்று முணுமுணுத்தார்.

"சார், அக்கா கடக்கரையில விழுந்துட்டாக. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். நீங்க வாங்க."

"எப்படி இருக்கா?"

"வாங்க சார்" என்றார்.

எஸ்தர் போய் இன்றோடு நாற்பத்து மூன்று நாட்கள். எங்கள் மாதா கோவிலின் பங்கு மலருக்கு அவளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி பங்குத்தந்தை கேட்டார். தமிழாசிரியனுக்கு இரண்டு பக்கம் ஒரு வேலையா? நான்கு முறை உட்கார்ந்தேன். நான்கு முறையும் எழுந்துவிட்டேன். இப்போது சமையலறை மேடையில் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் அடங்காது என்றும் தெரிந்துவிட்டது. அவளும் உட்காரத் தெரியாதவள்தான். சாப்பாட்டின் நடுவே எழுந்து வாசல்வரை போய்விட்டு வருவாள். பிரசங்கம் பத்து நிமிடத்தைத் தாண்டினால் கோவிலின் பின்வாசலில் போய் நின்றுகொள்வாள். கேட்டால், "கேக்காம இல்லங்க, நின்னு கேக்குறேன்" என்பாள். அவளை அறிந்த உங்களுக்கு அந்தப் பின்வாசல் தெரியும்.

அவளை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். எஸ்தர் கடற்கரைப் பெண் அல்ல. முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடுகிற விவசாயக் குடும்பம். ஊரில் பத்து வீடுகள்தான் கிறிஸ்தவர்கள். சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர்கள். கால்நடை ஆய்வாளராக வேலை கிடைத்து எங்கள் பாம்பன் தீவிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு வந்தாள். பாம்பனில் மீன் வண்டி ஏறிக் கால் ஒடிந்த ஒரு தெருநாய்க் குட்டியை யாரோ கொண்டுவந்து போட்டுவிட்டுப் போக, அதைத் தானே வளர்த்தாள். சிப்பி என்று பெயர் வைத்தாள். மூன்று மாதத்தில் அந்தக் குட்டி, எங்கே ஒளித்து வைத்தாலும் அவளுடைய செருப்பைக் கண்டுபிடித்துவிட்டதாம். விடுப்புப் போட்டுவிட்டு மதுரையில் ஓய்வுபெற்ற ஒரு மோப்ப நாய்ப் பயிற்சியாளரிடம் போய்த் தங்கிக் கற்றுக்கொண்டு வந்தாள். திரும்பி வந்ததும் தீயணைப்பு நிலையத்தில் போய், "யாராச்சும் காணாமப் போனா எங்களக் கூப்புடுங்க" என்று நின்றிருக்கிறாள். முத்துவேல் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "தெரு நாயக் கூட்டிக்கிட்டு ஒரு அம்மா வந்து நிக்கிறாக. நாங்க டீ வாங்கிக் குடுத்து அனுப்பிச்சு விட்டோம் சார்."

அப்படி அனுப்பிவைத்தவர்களே அவளை முதன்முதலாகக் கூப்பிட்டது எங்கள் அய்யாவுக்காக.

அய்யா, என் அப்பா சவரிமுத்து, வாழ்நாள் முழுக்கக் கடலுக்குப் போனவர். என் தம்பி ராயப்புவும் போனான். ஒரு வாடைக் காற்றில் அவன் படகு கவிழ்ந்தது. மூன்று பேரில் இரண்டு பேர் கரையேறினார்கள். ராயப்புவின் உடல்கூடக் கிடைக்கவில்லை. மாதா கோவிலே கதியென்று கிடந்த அம்மா ஒரு வருடத்தில் போய்ச் சேர்ந்தார். நான் கோவிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். என் தம்பியைத் தேடாத ஆண்டவரை நான் ஏன் தேடிப் போக வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லித் திரிந்தேன். கல்யாணப் பேச்சையும் எடுக்க விடவில்லை. ஆறு வருடம் அப்படிப் போயிற்று. அய்யாவுக்கு மறதி நோய் வந்தபோது அவர் முதலில் மறந்தது ராயப்பு இறந்துபோனதைத்தான். ஒரு காலையில், "ராயப்பு கரைக்கு வந்திருப்பான், கூட்டியாரேன்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை.

எங்கள் ஊர் அக்காள்மடத்திலிருந்து தென்கடலுக்குப் போகும் வழியெல்லாம் உடைமரக் காடு. ஊரே இறங்கித் தேடியது. மறுநாள் காலையில் முத்துவேல் வேறு வழியில்லாமல் எஸ்தரை அழைத்தார். மெலிந்த உடம்பு, தூக்கிச் செருகிய சேலை, தோளில் ஒரு துணிப்பை. பையிலிருந்து முகப்பவுடர் டப்பாவை எடுத்துக் காற்றில் லேசாகத் தட்டினாள். பவுடர் போகும் திசையைப் பார்த்தாள். "காத்துக்கு எதுத்தாப்புல போவோம். வாசம் நம்மளத் தேடி வரணும்" என்றாள். அய்யா படுத்திருந்த தலையணையை சிப்பிக்குக் காட்டிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தாள். ஒன்றரை மணி நேரம் நாங்கள் முள்ளுக்குள் நடந்தோம். பிறகு குரைப்புச் சத்தம் வந்தது. இரண்டு குரைப்பு, ஓர் இடைவெளி, மறுபடி இரண்டு. எஸ்தர் ஓடினாள்.

ஒரு தாழம்புதருக்குள் அய்யா சாய்ந்து கிடந்தார். உதடு வெடித்திருந்தது. தம் முன்னே நின்று குரைத்த சிப்பியைப் பார்த்து, "ஏலே ராயப்பு, வாரதுக்கு இம்புட்டு நேரமாடா?" என்றார். என்னால் பக்கத்தில் போக முடியவில்லை. எஸ்தர் மண்ணில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துத் தண்ணீர் புகட்டினாள்.

"ஆமாய்யா, நேரமாயிருச்சு. மன்னிச்சுக்கங்க. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

ஒரு வாரம் கழித்து நன்றி சொல்ல மருந்தகத்துக்குப் போனேன். ஓர் ஆட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்களை எல்லாம் சொல்லி முடித்து, "உங்களுக்கு நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன். ஊசியைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"சாருக்கு ஒளியத் தெரியுமா?"

தேடும் நாய்க்குத் தினமும் பயிற்சி வேண்டும். அதற்குத் தொலைந்துபோக ஓர் ஆள் வேண்டும். தெரிந்தவர்கள் ஒருமுறை வந்துவிட்டு, மணலும் முள்ளும் பட்டதும் மறுமுறை வர மாட்டார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலை சும்மாதான் இருந்தது. அவள் ஆராதனை முடிந்து நேராகக் கரைக்கு வருவாள். "நீங்க பூசைக்குப் போகலியா?" என்று முதல் வாரம் கேட்டாள். "போறதில்ல" என்றேன். விதியை மட்டும் சொன்னாள்: "ஒளியிற ஆளுக்கு ரெண்டே வேலதான் சார். சிப்பி தேடுறப்ப சத்தம் குடுக்கக் கூடாது. கண்டுபிடிச்சுட்டான்னா, கட்டிப்பிடிச்சுக் கொஞ்சாம இருக்கக் கூடாது."

வலைக் குவியலுக்கு அடியில், மணற்குழியில், இடிந்த உப்புக் கிடங்கின் சுவருக்குப் பின்னால், எங்கெல்லாமோ ஒளிந்தேன். முப்பத்தேழு வயதில் இது என்ன விளையாட்டு என்று ஊர் சிரித்தது. அந்தக் குழிக்குள் எனக்கு நேர்ந்ததை யாரிடமும் சொன்னதில்லை. முதலில் எதுவும் கேட்காது. பிறகு தூரத்தில் சருகு நொறுங்கும். மூச்சிரைப்பு நெருங்கி வரும், விலகிப் போகும், மறுபடி நெருங்கும். இத்தனை வெட்டவெளியில் ஓர் உயிர் என்னைத்தான் தேடி வருகிறது. ஈர மூக்கு என் கழுத்தில் படும்போது ஒவ்வொரு முறையும் எனக்குக் கண் கலங்கியது. சிப்பியைக் கட்டிக்கொண்டு முகத்தை மறைத்துக்கொள்வேன். எஸ்தர் பார்த்தும் பார்க்காததுபோல் பவுடர் டப்பாவை மூடுவாள்.

அந்த வருடமே ஒரு படகு கவிழ்ந்து நான்கு பேர் காணாமல் போனார்கள். கரையோரம் நெடுகத் தேட எஸ்தரையும் சிப்பியையும் அழைத்தார்கள். மூன்று நாளில் மூன்று உடல்கள் கிடைத்தன. நான்காவது கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் பள்ளிக்கு எஸ்தரிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

"அருள் சார், இப்ப வர ஏலுமா? சிப்பி சோறு திங்க மாட்டேங்குறா. படுத்துட்டா. இன்னைக்கு உசுரோட ஒருத்தர அவ கண்டுபிடிச்சே ஆகணும். இல்லாட்டி இனி எந்திரிக்க மாட்டா."

விடுப்புச் சொல்லிவிட்டு ஓடினேன். ஒரு படகுக் கொட்டகையின் பின்னால், சுலபமான இடமாகப் பார்த்து ஒளிந்தேன். சிப்பி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். என்னைக் கண்டதும் ஒரு கணம் நம்பாமல் நின்றாள். நான் மூச்சு விடுவதை முகர்ந்தாள். அப்புறம் அவள் குதித்த குதியில் என் சட்டை கிழிந்தது. நிமிர்ந்து பார்த்தால் எஸ்தர் எங்களுக்கு முதுகு காட்டிக் கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். யாரையோ திட்டுவதுபோல் கை ஆடியது.

"நாலு பேருல ஒருத்தர உசுரோட குடுத்திருந்தா என்ன? உமக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்? கெடைக்காத பிள்ளையோட அம்மா மூணு நாளா என் காலடியவே பாத்துக்கிட்டு வாரா. அவளுக்கு நான் என்ன சொல்றது? நீரே வந்து சொல்லும்!"

நான் பயந்துபோனேன். கோவிலை விட்டு வந்தவன்தான். ஆனாலும் அம்மா வளர்த்த பிள்ளை. "ஆண்டவர்கிட்ட இப்படியா பேசுவாங்க?" என்றேன்.

சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "வேற யாருகிட்டப் போயிப் பேசச் சொல்றீக? நீங்க கோவிச்சுக்கிட்டுப் பேச்சையே விட்டுட்டீக. நான் சண்ட போட்டுக்கிட்டாவது கூட இருக்கேன்."

வீட்டுக்குப் போய் அதை நினைத்துக்கொண்டே நடந்தேன். கூடத்துக்கும் கொல்லைக்கும் எத்தனை முறை நடந்தேனோ தெரியாது. விசுவாசம் என்றால் சாந்தமான முகம், மூடிய கண், குவிந்த கை என்றுதான் நான் நினைத்திருந்தேன். என்னிடம் அது இல்லை, ஆகவே விசுவாசம் இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன். சண்டை போட்டுக்கொண்டே கூட இருக்கலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

எங்கள் திருமணத்துக்குக் காரணம் ஒரு பழைய வள்ளம், சின்ன மரப்படகு. தென்கரையில் யாரோ கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போன வள்ளத்துக்கு அடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ந்து போனேன். உள்ளே போனதும் விளிம்புக்குக் கீழிருந்த மணல் சரிந்து வள்ளம் ஒரு சாண் இறங்கியது. இடது பாதம் அடியில் சிக்கிக்கொண்டது. பெரிய வலியில்லை, உருவ மட்டும் முடியவில்லை. அரை மணியில் சிப்பி வந்துவிடுவாள் என்று பேசாமல் படுத்திருந்தேன். காற்று மாறியது எனக்குத் தெரியவில்லை. என் வாசம் கரைக்குப் போகாமல் கடலுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அரை மணி ஒரு மணியாயிற்று. வெகு தூரத்தில் "சார்!" என்ற குரல் கேட்டது. பதில் சொல்லலாமா என்று யோசித்தேன். சத்தம் குடுக்கக் கூடாது என்பது விதி. இதுவும் ஒரு சோதனையாக இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாவது மணி நேரத்தில் பயம் வந்தது. இருட்டு, உப்பு வாசம், பலகைக்கு அப்பால் அலை. ராயப்புவுக்குக் கடைசியில் இப்படித்தான் இருந்திருக்குமா? அவனையும் யாராவது கூப்பிட்டிருப்பார்களா? ஆறு வருடத்துக்குப் பிறகு நான் வாய் திறந்து ஆண்டவரிடம் பேசினேன். "அவன் கூப்பிட்டப்ப நீர் பக்கத்துல இருந்தீரா?" என்று கேட்டேன். ஜெபமென்று இதைச் சொல்ல முடியுமா தெரியவில்லை. பதில் எதுவும் வரவில்லை. ஆனால் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு அழுகை நிற்கவில்லை.

அப்போதுதான் மணல் பறிக்கும் சத்தம் கேட்டது. விளிம்புக்குக் கீழே ஒரு கருப்பு மூக்கு நுழைந்தது. இரண்டு குரைப்பு, இடைவெளி, இரண்டு குரைப்பு. அதற்குப் பின்னால் ஓடிவரும் காலடி. "அருளு! அருளு!" அதுவரை அவள் என்னை சார் சேர்க்காமல் கூப்பிட்டதேயில்லை. கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் கம்பு கொடுத்து வள்ளத்தை நெம்பித் தூக்கினார்கள். வெளியே இழுத்துப் போட்டதும் எஸ்தர் என் தோளில் அடித்த அடி இன்னும் நினைவிருக்கிறது.

"அறிவிருக்கா உங்களுக்கு? தொண்ட கிழியக் கூப்புட்டேனே, ஏன்னு ஒரு சத்தம் குடுக்கக் கூடாது?"

"நீங்கதானே குடுக்கக் கூடாதுன்னீங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு பாதியில் அழுகையாக மாறி, மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஆட்கள் மெல்ல விலகிப் போனார்கள்.

"இனிமே நீங்க ஒளிய வேண்டாம்" என்றாள்.

"அப்ப எனக்கு என்ன வேலை?"

"கூடவே இருக்கிற வேல" என்றாள், என்னைப் பார்க்காமல் சிப்பியின் காதைத் தடவிக்கொண்டே.

நான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். என் நம்பிக்கை இன்னும் நேராகவில்லை, இன்றுதான் ஒரு கேள்வி கேட்டிருக்கிறேன், அதற்கும் பதில் வரவில்லை என்றேன். அவள் சொன்னதை அன்றே வீட்டுக்கு வந்து எழுதி வைத்தேன். "நம்பிக்கையில்லாத ஆளக் கட்டிக்க எனக்குப் பயமில்லங்க. நம்புற மாதிரி நடிக்கிற ஆளக் கட்டிக்கத்தான் பயம்."

அவள் வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. "கடக்கர ஆளு, வேற சபை, அதுலயும் கோயிலுக்கே போகாதவனாமே" என்று அவள் அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. எங்கள் மாதா கோவிலில்தான் நடந்தது. அவள் சபைப் போதகர் வந்து ஒரு ஜெபம் செய்தார். நான்கு மாதம் கழித்து ஒரு மதியம், தோளில் ஒரு மூட்டை குண்டு மிளகாயோடு மாமனார் வாசலில் நின்றார். "நாயப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். மூன்று நாள் இருந்து பார்த்தார்.

அய்யாவுக்கு அவள் யாரென்று ஒருநாளும் நினைவில் தங்கவில்லை. ஒவ்வொரு காலையும் கேட்பார்: "நீ யாரு தாயி?"

"ராயப்புவத் தேடுற ஆளு அய்யா."

"கெடச்சானா?"

"இன்னும் இல்லய்யா. தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்."

ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் தினமும் பொய் சொல்கிறாய் என்று கேட்டேன். சோற்றுத் தட்டோடு நின்றவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பொய்யின்னு யாரு சொன்னா? ஒவ்வொரு தடவ கரையில நடக்குறப்பவும் அவனையும் பாத்துக்கிட்டுத்தான் நடக்குறேன். கெடைக்காதவுகளையும் தேடுனோம்னு சொல்ல வீட்டுக்கு ஒரு ஆள் வேணும்ங்க." அய்யா மூன்று வருடம் கழித்து அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாகப் போனார். நான் கோவிலுக்குப் போக ஆரம்பித்ததும் அப்போதுதான். கடைசி வரிசை, பின்வாசலுக்குப் பக்கம்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. பத்து வருடத்தில் அவள் தேடிப்போனவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணியதில்லை. சிப்பி வயதாகி எங்கள் வீட்டிலேயே இறந்தாள். அவள் ஈன்ற கடைக்குட்டி கொண்டல், கீழ்க்காற்றின் பெயர், தாயின் இடத்துக்கு வந்தான். ஒரு தமிழாசிரியன் நாயை உயர்திணையில் எழுதலாமா என்று கேட்காதீர்கள். "அது" என்று சொன்னால் எஸ்தர் எழுந்து போய்விடுவாள்.

இனி அந்தக் காலையைச் சொல்ல வேண்டும்.

அன்று ஒளிந்திருக்க வேண்டியவன் நான். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வேலை என்னைவிட்டுப் போகவில்லை. தேர்வுப் பணி வந்துவிட்டதால் முடியாது என்றேன். "பரவால்ல, நானே ஒளிஞ்சுக்கிறேன். குருசம்மாக்காவ அவுத்து விடச் சொல்றேன்" என்றாள். குருசம்மா அக்கா கரையில் கருவாடு காயப்போடுபவர், எங்களுக்குப் பழக்கமானவர். எஸ்தர் மணல்மேட்டுக்குப் பின்னால் போய்ப் படுத்தாள். சொன்னபடி கொஞ்ச நேரம் கழித்து அக்கா கொண்டலை அவிழ்த்து விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். கொண்டல் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டான். குரைத்தான். இரண்டு குரைப்பு, இடைவெளி, இரண்டு குரைப்பு. கரையில் ஆட்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் அது தினமும் கேட்கிற சத்தம். அவளும் எழுந்து வந்துவிடுவாள் என்று இருந்தார்கள். கால் மணி நேரம் குரைத்திருக்கிறான்.

கண்டுபிடித்த ஆளை விட்டு நகரக் கூடாது என்பது அவனுக்கு அவள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அதை அன்று அவன் மீறினான். ஓடிவந்து குருசம்மா அக்காவின் சேலையைப் பிடித்து இழுத்தான்.

மாரடைப்பு, படுத்த சில நிமிடங்களிலேயே போயிருக்கும், அந்தக் கால் மணி நேரத்தால் எதுவும் மாறியிருக்காது என்று மருத்துவர் சொன்னார். படித்தவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எனக்கு இன்னும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. பாடம் நடத்தும்போது நடுவில் கேட்கிறது. சட்டென்று நிறுத்திவிடுகிறேன். பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் காத்திருக்கிறார்கள்.

அடக்கம் முடிந்து தினமும் குருசம்மா அக்கா ஒரு தூக்குச்சட்டியில் குழம்பு கொண்டுவந்து வாசற்கதவில் மாட்டிவிட்டுப் போவார். உள்ளே வர மாட்டார். ஒன்பதாம் நாள் நானே அவர் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் மரம்போல் நின்றுவிட்டார்.

"தெனமும் குலைக்கிற நாய்தானேன்னு இருந்துட்டேன் தம்பி. பாவி, ஒரு எட்டு போயிப் பாத்திருக்கலாம்."

"நான்தான் அன்னைக்கு ஒளிஞ்சிருக்கணும் அக்கா" என்றேன். "நான் படுத்திருந்தா அவ நின்னிருப்பா. நின்ன இடத்துல விழுந்திருந்தா எல்லாரும் பாத்திருப்பீங்க." அதுவரை நான் யாரிடமும் சொல்லாதது அது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதோம். யார் யாரை மன்னித்தோம் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் தூக்குச்சட்டியோடு உள்ளே வந்தார்.

முப்பத்தோராம் நாள் காலையில் முத்துவேல் அழைத்தார். கீழக்கரையில் வயதான ஓர் அம்மாவை முந்தின நாள் மதியத்திலிருந்து காணவில்லை. மகன்கள் வளைகுடாவில், வீட்டில் மருமகள் மட்டும். "கேக்கக் கூடாதுதான் சார். கொண்டல மட்டும் கொண்டாந்தீகன்னா..." கொண்டல் அப்போது ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, வாசலிலேயே கிடந்தான். எனக்கு ஒளியத்தான் தெரியும், தேட வைக்கத் தெரியாது என்றேன். "நீங்க கூட நின்னாப் போதும் சார்" என்றார்.

போனோம். அந்த மருமகள் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். கடைசியாக எங்கே பார்த்தீர்கள், என்ன நிறச் சேலை, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று முத்துவேல் கேட்டு முடித்தார். அப்போது என் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்தது: "அவங்கள வீட்ல எப்படிக் கூப்புடுவீங்க?" எஸ்தர் ஒவ்வொரு தேடுதலுக்கு முன்பும் இதைக் கேட்பாள். அய்யாவைத் தேட வந்த அன்று என்னிடமும் கேட்டாள். மேலே எழுத விட்டுப்போயிற்று. காகிதத்திலுள்ள பெயர் போதாது, வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லித்தான் அவள் நாயை அவிழ்ப்பாள்.

"சின்னுமான்னு கூப்புடுவோம்" என்றார் மருமகள்.

அந்த அம்மாவின் தலையணையைக் கொண்டலுக்குக் காட்டிவிட்டு, அவன் காதருகே குனிந்து, "சின்னுமாவத் தேடு" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு காற்றைப் பார்த்தான். போனான். ஊருக்கு வெளியே காய்ந்த ஓர் ஓடைக்குள், உடைமர நிழலில், கணுக்கால் பிசகி நடக்க முடியாமல் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். குரைப்பு வந்ததும் ஓடினேன். முள் கிழித்ததும் தெரியவில்லை. முத்துவேலுக்கும் முன்னால் போய் நின்றேன். "அல்லா காப்பாத்துனான்" என்று அந்த அம்மா நெஞ்சில் கை வைத்தார். அவர் நாயைத் தொடுபவர் அல்ல. எனவே கொண்டலை நான்தான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் விடவில்லை. அன்று சாயங்காலம் அவன் ஒரு சட்டி சோறு சாப்பிட்டான்.

சனிக்கிழமைகளில் மறுபடி பயிற்சி நடக்கிறது. குருசம்மா அக்கா வலைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, "ஏலே கொண்டலு, சீக்கிரம் வாடா, முதுகு வலிக்கி" என்று சத்தம் கொடுத்துவிடுகிறார். விதியைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. குரைப்பு கேட்டால் இப்போது கரையில் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து ஓடுகிறார்கள். வேண்டாம், பயிற்சிதான் என்றாலும் கேட்பதில்லை.

கீழக்கரையிலிருந்து திரும்பும் வழியில் முத்துவேல் வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டே கேட்டார். "சார், அக்காவ வீட்டுல நீங்க எப்படிக் கூப்புடுவீக?"

நான் சொல்லவில்லை. எஸ்தரிடமிருந்து எனக்கு அமைதி கிடைத்ததாகச் சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். அவளிடமே இல்லாத ஒன்றை எனக்கு எப்படித் தந்திருப்பாள்? தினமும் காலையில் அவளுடைய அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆண்டவரிடம் விசாரிக்கிறேன்: எங்கே இருக்கிறாள், உட்கார வைத்திருக்கிறீரா, உட்கார மாட்டாளே என்று. விசாரிப்பது பல நாள் சண்டையில் முடிகிறது. அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் உங்களிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பெயரை மட்டும் சொல்லப் போவதில்லை. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.